தஞ்சைச் சுவரில் இரண்டு முகங்கள்

முகம் எழுதியவர்கள் – 11

சென்ற வாரம் கோனேரிராசபுரத்தில் நின்றோம். கண்டராதித்த சோழர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, மகன் உத்தம சோழன் ஆட்சியில், கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளி அது. கணவர் லிங்கத்தைத் தொழும் கோலத்தைச் சுவரில் செதுக்கச் சொன்ன அம்மையார், அதை ஒட்டியே எழுத்தும் வெட்ட வைத்தார். யார் கட்டியது, யார் பெயரால் கட்டியது, இங்கே தொழுதுகொண்டிருப்பவர் யார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இதோ இவர்தான் என்று சுட்டிக்காட்டி முடிகிறது அந்தக் கல்வெட்டு.

அதற்கு முன்பு மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் இரண்டு பல்லவ மன்னர்களைத் தேவியரோடு பார்த்தோம். அங்கும் பெயர் பொறித்திருந்தது: ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரன். எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பெயரில் சண்டை இல்லை.

செம்பியன் மாதேவியார் நமக்கு அயலார் அல்லர். மணிமுத்தாறு நல்லூரைத் தொட்டு இறங்கி வந்து சேரும் விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவரும் அவர்தான். ஆக, இதுவரை நாம் பார்த்த முகங்களுக்கெல்லாம் கீழேயோ மேலேயோ ஒரு பெயர் இருந்தது.

இந்த வாரம் பெயர் இல்லாத முகங்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பாடநூலிலும் புத்தக அட்டையிலும் விழா மேடைப் பதாகையிலும் நாம் ஓயாமல் அச்சிட்டுக்கொண்டிருக்கும் சோழர் கால முகம், அந்தப் பெயரில்லாத முகங்களில் ஒன்று.

* * *

1931, ஏப்ரல்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அங்கே வரலாறு கற்பித்துவந்த எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறார். கருவறையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் சாதாரணப் பயணம் அல்ல. கருவறையைச் சுற்றி, வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவில் ஓர் இருட்டுப் பாதை உண்டு. அதற்குள் நுழைய வேண்டும் என்பதுதான் அவர் திட்டம்.

வெளியிலிருந்து 200 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் விமானத்தைப் பார்ப்பவருக்கு உள்ளே இப்படி ஒரு பாதை இருப்பது தெரியாது. விமானத்தின் சுவர் ஒற்றைச் சுவர் அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர்கள். இரண்டுக்கும் நடுவே ஆறேழு அடி அகலத்தில் ஓர் உட்சுற்று. மேல் தளத்தில் இதே சுற்றின் சுவர்களில்தான் 81 ஆடற்கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 108இல் மிச்சம் 27க்குக் கல் வெறுமனே காத்திருக்கிறது. கீழ்த் தளச் சுற்றில் சிற்பம் குறைவு, வர்ணம் அதிகம்.

கோவிந்தசாமி கையில் ஒரு விளக்கு.

அந்த விளக்கொளியில் முதலில் தெரிந்தது அவருக்கு ஏமாற்றம்தான். சுவரில் ஓவியங்கள் இருந்தன. ஆனால் அவை சோழர் காலத்தவை அல்ல. நாயக்கர் காலத்து உடை, நாயக்கர் காலத்து முகம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுக் கைவண்ணம். சோழனைத் தேடி வந்தவருக்கு நாயக்கர் கதவைத் திறந்தால் எப்படி இருக்கும்?

வேறொருவர் அத்தோடு திரும்பியிருப்பார். கோவிந்தசாமி விளக்கைச் சுவருக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனார்.

ஓர் இடத்தில் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் வெறும் கல் தெரிய வேண்டும். தெரியவில்லை. அதற்கு அடியில் இன்னொரு பூச்சு. அந்தப் பூச்சில் வேறு நிறம், வேறு கோடு. மேலே இருந்த நாயக்கர் கோட்டுக்கும் கீழே இருந்த இந்தக் கோட்டுக்கும் உறவே இல்லை.

900 ஆண்டுகளுக்கு மேல் ஆன ஓவியம், 300, 400 ஆண்டு ஓவியத்தின் பின்னால் ஒளிந்திருந்தது.

* * *

செய்தி நாளிதழில் வந்தது. தமிழ்நாட்டில் பழைய ஓவியம் என்றாலே சித்தன்னவாசலைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. சித்தன்னவாசலே வெளியுலகுக்குத் தெரிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால வர்ணத் துணுக்குகளைத் தேடி எடுத்ததும் இதே காலத்தை ஒட்டித்தான். பல்லவருக்கு ஓவியம் கிடைத்துவிட்டது, பாண்டியருக்குக் கிடைத்துவிட்டது. சோழருக்கு மட்டும் சுவர் வெறிச்சோடிக் கிடந்தது. அந்தக் குறை ஒரே நாளில் தீர்ந்தது.

நாயக்கர்மேல் கோபப்படுவது எளிது. இவ்வளவு நல்ல ஓவியத்தை மூடிவிட்டார்களே என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். நான் நாயக்கர் கட்சி. ஐந்தாறு நூற்றாண்டு விளக்குப் புகை படிந்து கறுத்துப்போன சுவரைப் புதுப்பிக்க நினைத்தவர்கள் அதைக் கொத்தி எறிந்திருக்கலாம். எறியாமல் மேலே பூசினார்கள். அந்தப் பூச்சு பிறகு வந்த புகையையும் கையையும் தான் வாங்கிக்கொண்டது. மூடியதால்தான் பிழைத்தது.

பின்னாளில் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் இன்னொரு காரியம் செய்தார்கள். மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைப் பாழாக்காமல் அப்படியே உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டினார்கள். ஒரே சுவரில் இருந்த இரண்டு காலமும் பிரிந்து, இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

* * *

சோழ ஓவியன் எப்படி எழுதினான்?

இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன். 1930களில் அவர் பூச்சுத் துணுக்குகளைச் சோதித்துச் சொன்ன முடிவு இது: வர்ணத்தை ஒட்டவைக்கப் பசையோ பிசினோ பயன்படவில்லை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் நேராக நிறத்தை வைத்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக மாறுகிறது. அப்படி மாறும்போது மேலே வைத்த நிறத்தையும் தன்னோடு இறுக்கிக்கொள்கிறது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வர்ணம் வைக்கிறவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். சூளையில் வெந்து வந்தபின் நிறம் வேறு மண் வேறு என்று பிரிக்க முடியாது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். இங்கே சூளையின் வேலையைக் காற்று செய்கிறது.

நிறங்களும் பெரும்பாலும் நம் மண்ணில் கிடைப்பவைதாம். காவி, மஞ்சள் காவி, பச்சை மண், விளக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு.

இந்த முறையில் ஒரு கொடுமை உண்டு. பூச்சு ஈரமாக இருக்கும்வரைதான் நேரம். காய்ந்துவிட்டால் நிறம் ஒட்டாது. அழித்து எழுதவும் வழியில்லை. ஆறேழு அடிப் பாதையில், விளக்கு வெளிச்சத்தில், எழுதியதைத் தள்ளி நின்று பார்க்க இடமில்லாத நெருக்கத்தில், ஆள் உயரத்தைத் தாண்டிய சுவரில் இழுத்த கோடுகள் அவை. இன்று அந்தக் கோடுகளைப் படத்தில் பார்த்தால் தயக்கம் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். எனக்கு எங்கும் தெரியவில்லை.

இத்தாலியில் ஜியோத்தோ பாதுவா நகரத் தேவாலயச் சுவரில் இதே ஈரப் பூச்சு முறையில் எழுதி உலகப் புகழ் பெற்றது 1305 வாக்கில். தஞ்சைக்கு முந்நூறு ஆண்டு பின்னால்.

* * *

சுவரில் என்ன இருந்தது? நடுநாட்டுக்காரர் ஒருவரின் கதை.

திருநாவலூரில் பிறந்து, புத்தூரில் மணக்கோலம் பூண்டு, திருவெண்ணெய்நல்லூரில் வழக்கில் தோற்ற சுந்தரர். நம் பகுதிக்காரர். முதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், பன்னிரண்டாயிரம் பொன் பெற்று அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்தவர் என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே சுந்தரர்.

ஓவியத்தின் கீழ்ப் பகுதியில் கலியாண வீடு. பெண்கள் சமைக்கிறார்கள். விருந்துக்குப் பரபரப்பு. நடுவே ஒரு கிழவர் வந்து நிற்கிறார். ஒரு கையில் குடை, மறு கையில் ஓலை. இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார்.

பிறகு வெண்ணெய்நல்லூர்ச் சபை. சபையோர் முகங்களை ஓவியன் எழுதியிருப்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்த முகங்கள் அல்ல. ஒருவர் திகைக்கிறார், ஒருவர் யோசிக்கிறார், ஒருவருக்கு இது என்ன வம்பு என்ற எண்ணம். கிராமத்துப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பார்த்தவன் எழுதிய முகங்கள். அதற்கு அடுத்து, வென்ற கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைய, எல்லோரும் பின்னால் ஓடுகிறார்கள்.

மேல் பகுதியில் அதே சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலாயம் போகிறார். நண்பர் சேரமான் பெருமாள் குதிரையில் முந்திக்கொண்டு பாய்கிறார். வானில் இசை, மேலே கயிலையில் ஆடல்.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். இந்தச் சுவர் அதற்கு நூறு ஆண்டுக்கும் முந்தியது. நாம் சேக்கிழாரைப் படித்துவிட்டு ஓவியத்தைப் பார்க்கிறோம். தஞ்சை ஓவியனோ சேக்கிழார் பிறப்பதற்கு முன்பே அந்தக் கலியாணத்தை நிறுத்திவிட்டான்.

அந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் அதையும் சும்மா நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

ஓர் ஓலை போதாது. ஒத்துப்பார்க்க இன்னொன்று வேண்டும்.

* * *

இப்போது அந்த இரண்டு முகங்கள்.

முன்னால் ஒரு முதியவர். நரைத்த தாடி, தூக்கி முடிந்த சடை. அவருக்குப் பின்னால், தோளை ஒட்டி, ஓர் இளையவர். இருவரும் நேராகப் பார்க்கவில்லை. முகம் முக்கால் பங்கு திரும்பியிருக்கிறது. மூக்கின் வளைவும் கண்ணின் ஓரமும் ஒரே இழுப்பில் வந்த கோடுகள். நிழல் போட்டு மேடு பள்ளம் காட்டும் வேலை அதிகம் இல்லை. கோடே கன்னத்தைத் திருப்பிவிடுகிறது.

சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுசு. அங்கே முகம் என்பது இலக்கணம். கண் இப்படி, மூக்கு இப்படி, நெற்றி இத்தனை விரல் என்று ஏற்கெனவே முடிவானது. இங்கே அந்த முதியவருக்கு ஒரு வயது இருக்கிறது. ஒரு குணம் இருக்கிறது. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியும்.

அறிஞர்கள் பார்த்தார்கள். கோயில் ராஜராஜன் கட்டியது. தஞ்சை ராஜராஜேச்சரத்தைப் பாடிய சிவனடியார் கருவூர்த் தேவர். அவர் பதிகம் திருவிசைப்பாவில் இருக்கிறது. முன்னால் நிற்பவர் குரு போலிருக்கிறார், பின்னால் நிற்பவர் சீடர் போலிருக்கிறார். அப்படியென்றால் முன்னவர் கருவூர்த் தேவர், பின்னவர் ராஜராஜன்.

சி. சிவராமமூர்த்தி போன்ற பெரிய கலை வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்று எழுதினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒட்டியது ஈரப் பூச்சிலா, காய்ந்த பூச்சிலா?

* * *

முதலில் வயதுக் கணக்கு.

ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். ஆனால் அதற்கு முன்பே, அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டு, 970 வாக்கில் அரியணை யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோதே அருண்மொழி என்ற அவர் பெயர் அடிபட்டது. மக்கள் கேட்டுக்கொண்டும் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தார் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். (அந்தக் கொலையைப் பற்றிச் சொல்லும் கல்வெட்டு நம் கடலூர் மாவட்டத்து உடையார்குடியில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு தனித் தொடரே வேண்டும்.) 970இல் அரசாளக் கேட்கும் வயதில் இருந்தவர், கோயிலுக்குக் கலசம் ஏறிய 1010இல் அறுபதை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

சுவரில் இருப்பவர் அறுபது வயதுக்காரர் அல்ல.

அடுத்தது கருவூர்த் தேவர். அவர் தஞ்சைக் கோயிலை மட்டும் பாடவில்லை. கங்கைகொண்ட சோழேச்சரத்தையும் பாடியிருக்கிறார். அது ராஜேந்திரன் கட்டியது, தஞ்சைக்குப் பதினைந்து இருபது ஆண்டாவது பிந்தியது. 1010இல் நரைத்த தாடியோடு நிற்பவர் அதற்குப் பிறகும் அத்தனை காலம் இருந்து புதுக் கோயிலுக்குப் பாட்டுக் கட்டினார் என்று கொள்ள வேண்டும். நடக்காதது அல்ல. ஆனால் கணக்குக் கொஞ்சம் இழுக்கிறது.

மூன்றாவதாக நிற்பது எழுத்து. எனக்கு இதுதான் பெரிய தடை.

கல்லில் எழுதிவைப்பதில் ராஜராஜனைப்போல் இன்னொரு அரசனைக் காட்டுவது கடினம். தான் கொடுத்தது, அக்காள் குந்தவையார் கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாம் வெட்டப்பட வேண்டும் என்று ஆணையிட்டவர். நகைகளின் எடை இருக்கிறது. ஆடலுக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், ஊர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது இருக்கிறது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது. அப்படிப்பட்ட கோயிலின் உட்சுவரில், அரசன் முகம் என்று நாம் சொல்லும் முகத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எழுதிய ஓவியனின் பெயரும் இல்லை.

செம்பியன் மாதேவியார் ராஜராஜனுக்குப் பாட்டி முறை. பாட்டி சுட்டிக்காட்டி எழுதினார். பேரன் சும்மா விட்டாரா?

* * *

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு ஒருதலையாகிவிடும்.

இத்தாலியின் ராவென்னாவில் சான் வித்தாலே என்றொரு தேவாலயம். ஆறாம் நூற்றாண்டு. அங்கே வர்ணக் கற்பதிப்பில் பேரரசர் ஜஸ்டினியன் தன் பரிவாரத்தோடு நிற்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருடைய தலைக்கு மேல்தான் பெயர் எழுதியிருக்கிறது. பேரரசருக்கு அல்ல, பக்கத்தில் நிற்கும் பேராயர் மாக்சிமியனுக்கு. பேரரசர் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேராயருக்குத்தான் சந்தேகம் வரும்.

தஞ்சையிலும் அப்படியே இருக்கலாம். அந்த இருட்டுப் பாதை ஊரார் வலம்வரும் இடமல்ல. உள்ளே போய்வந்தவர்கள் சிலர். அந்தச் சிலருக்கு முகம் தெரியும், பெயர் தேவையில்லை. அறுபதிலும் அரசனை இளைஞனாக எழுதுவது ஓவியர்கள் எல்லா நாட்டிலும் செய்த மரியாதைதான். அரசவை ஓவியன் எவன் கிழட்டு அரசனை எழுதிப் பிழைத்தான்?

இதே சுவர்களில் இன்னோர் இடத்தில் தில்லைக் கூத்தப் பெருமானை ஓர் அரசர் மூன்று தேவியரோடு நின்று தொழுகிறார். அவரையும் ராஜராஜன் என்றே சொல்கிறார்கள். அங்கும் பெயர் இல்லை. ஆனால் அங்கே தேவியர் இருக்கிறார்கள், பரிவாரம் இருக்கிறது, தில்லையின் பொற்கூரை இருக்கிறது. சூழல் பேசுகிறது. இரண்டு தலைகள் மட்டும் நிற்கும் இடத்தில் பேசச் சூழல் இல்லை.

என் கட்சி என்ன என்று கேட்டால் இதுதான்: அந்த முதியவரை ஓவியன் கண்ணால் பார்த்திருக்கிறான். மனத்தில் பிடித்த ஒரு மனிதனைத்தான் அவன் எழுதினான், இலக்கணத்தை அல்ல. அந்த அளவில் அது அசல் உருவப்படம். ஆனால் யாருடைய உருவம் என்பதை 1931க்குப் பிறகு நாம் எழுதிச் சேர்த்தோம்.

நாம் ஏன் அவ்வளவு அவசரப்பட்டோம் என்பதும் புரிகிறது. ராஜராஜனுக்கு ஒரு முகம் நமக்குத் தேவைப்பட்டது. கல்கி 1950இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது ஓவியர் மணியம் அருண்மொழிக்கு ஒரு முகம் கொடுத்தார். 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தில் சிவாஜி கணேசன் தம் முகத்தையே கொடுத்துவிட்டார். இன்றைக்கும் பலருக்கு ராஜராஜன் என்றால் சிவாஜி நடைதான் முதலில் வருகிறது. இவர்களோடு ஒப்பிட்டால் தஞ்சைச் சுவர் முகத்துக்கு ஒரு பெரிய தகுதி உண்டு: அது அந்தக் காலத்து முகம். அது போதும் என்று நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோம். வெண்ணெய்நல்லூர்ச் சபையார் போட்டிருக்கமாட்டார்கள். இன்னோர் ஓலையைக் கொண்டு வா என்றிருப்பார்கள்.

* * *

அந்த இன்னோர் ஓலை இருக்கிறது. கோயிலின் கல்வெட்டிலேயே இருக்கிறது.

பெரிய கோயிலின் நிர்வாகத்தை மேற்பார்த்துவந்த அதிகாரி ஒருவர்: ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான். பொய்கை நாட்டுக்காரர். சிவனடியார்கள்மேல் அவருக்கு இருந்த பக்தி பெரிது. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக்குள், அதாவது அரசர் உயிரோடு இருக்கும்போதே, அவர் ஒரு வரிசைச் செப்புத் திருமேனிகளைச் செய்து கோயிலுக்குக் கொடுத்தார். சம்பந்தர், அப்பர், சுந்தரர். சுந்தரரோடு அவர் தேவி பரவை நங்கை. சிறுத்தொண்டர், அவர் பிள்ளை சீராளன்.

அந்த வரிசையில் இன்னும் இரண்டு பேர். பெரிய பெருமாள், ஒலோகமாதேவி. பெரிய பெருமாள் என்று குறிக்கப்படுபவர் ராஜராஜனேதான். ஒலோகமாதேவி அவர் பட்டத்தரசி.

பெயர் மட்டும் சொல்லி விடவில்லை. பாதத்திலிருந்து தலைமுடிவரை உயரம் எவ்வளவு என்று முழத்திலும் விரலிலும் தோரையிலும் கணக்கு வெட்டியிருக்கிறது. கை எத்தனை என்பதுகூட இருக்கிறது. காணாமல் போனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்து எழுதியதுபோலவே இருக்கும்.

காணாமல்தான் போயின.

ராஜராஜன் என்று சொல்லிக் கோயிலில் இருந்த இன்னொரு செப்புச் சிலைக்குப் பீடத்தில் பெயர் உண்டு. ஆனால் அந்த எழுத்து மிகப் பிற்காலத்தது. சுவரில் காலம் இருக்கிறது, பெயர் இல்லை. அந்தச் சிலையில் பெயர் இருக்கிறது, காலம் இல்லை.

இப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று உதவாமல் கிடந்த நிலையில், 2018ஆம் ஆண்டு கோடையில் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் குஜராத்தின் அகமதாபாத்திலிருந்து இரண்டு செப்புச் சிலைகளை மீட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்று கைகூப்பி நிற்கும் ஓர் அரசர், மற்றொன்று ஓர் அரசி. தஞ்சையில் மேளதாளத்தோடு வரவேற்பு. ராஜராஜனும் ஒலோகமாதேவியும் ஊர் திரும்பிவிட்டார்கள் என்று தலைப்புச் செய்தி.

முதுகுன்றத்தில் பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன்னால், சுந்தரர் அதிலிருந்து ஒரு துண்டை மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்பது கதை. ஆரூர்க் குளத்தில் எடுத்த பொன் கொடுத்த அதே பொன்தானா என்று உரைத்துப் பார்க்க வேண்டுமே! மூவேந்தவேளான் வெட்டிவைத்த அளவும் அந்த மச்சம்தான்.

அப்படியானால் கேள்விகள் இரண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தஞ்சையின் முழத்தையும் விரலையும் இன்றைய சென்டிமீட்டரில் எப்படி நிறுத்துவது, அகமதாபாத்திலிருந்து வந்த சிலை அந்த அளவுக்குப் பொருந்துகிறதா? பொருந்தினால், அந்தச் செப்பு முகத்தைச் சுவரிலிருக்கும் இளையவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே மனிதர்தானா?

(அடுத்த வாரம்)